ஒரு ரவுட்டர், இரண்டு கணக்கு

லேக் கார்டன்ஸ், ஜோத்பூர் பார்க், லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம் சங்கத்து அன்பர்கள் பலர் இப்போது வீட்டில் இரண்டு இன்டர்நெட் கனெக்‌ஷன் வைத்திருக்கிறார்கள். ஒன்று பெரிய கம்பெனி ஒன்றினுடையது. மற்றொன்று பாராவில் கேபிள் டி.வி. நடத்துகிறவர் மூலமாக வந்தது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே என்ற தைரியம். சரி, ஒன்று போய்விட்டது, மற்றதற்கு மாறுவது எப்படி என்று கேட்டால் மட்டும், "பையனுக்குப் போன் போட்டுக் கேட்டால் சொல்லுவான்" என்கிறார்கள். பையன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். அவனைக் கூப்பிடுவதற்கே அந்த இன்டர்நெட்தான் வேண்டியிருக்கிறது.

இரட்டைக் கனெக்‌ஷன் ஆசை பலருக்கு வந்தது அம்ஃபான் புயலுக்குப் பிறகு. 2020 மே 20-ஆம் தேதி பக்காலி அருகே கரை கடந்த அந்தப் புயல் அன்று மாலையும் இரவும் கொல்கத்தாவை உலுக்கி எடுத்தது. நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. நம் ரவீந்திர சரோபர் ஏரிக்கரையிலேயே எத்தனையோ பழைய மரங்கள் வேரோடு சாய்ந்தன. இங்கே இன்டர்நெட் கேபிள் பெரும்பாலும் பூமிக்கு அடியில் போவதில்லை. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டும் மரக்கிளையில் தொங்கிக்கொண்டும்தான் வீட்டுக்கு வருகிறது. மரம் விழுந்தால் அதுவும் விழும். பல பகுதிகளில் மின்சாரம் திரும்பவே நாட்கள் ஆயின. கொரோனா ஊரடங்கு வேறு. வழக்கமான ரயிலும் விமானமும் ஓடாத சமயம். வெளியூரில் இருந்த பிள்ளைகள் இங்கே தனியாக இருந்த அப்பா அம்மாவின் குரலைக் கேட்க முடியாமல் தவித்த தவிப்பு பலருக்கு இன்னும் மறந்திருக்காது.

புயல் எப்போதோ வருவது. ஆனால் அன்றாடப் பாடே இந்த ஒற்றை இழையில் தொங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் மேல் மாடியில் இருக்கும் மாமி ஒருவர் வீட்டிலிருந்தபடியே பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். கணவர் காலமாகிவிட்டார், வருகிற பென்ஷன் சொற்பம். விடியற்காலை ஆறு மணிக்கு ஹூஸ்டன் குழந்தைகள் (அவர்களுக்கு அப்போது முந்தைய நாள் மாலை), பிற்பகல் நாலு மணிக்கு சிங்கப்பூர் குழந்தைகள். வகுப்பு நின்றுபோனால் அன்றைய சம்பளம் இல்லை. நாலைந்து தடவை நின்றுபோனால் குழந்தையின் அம்மா வேறு டீச்சரைத் தேடிக்கொள்வார். அந்த மாமிதான் ஒரு நாள் என்னிடம், "சார், ரெண்டு கம்பெனிக்கும் மாசாமாசம் பணம் கட்டறேன். ஒண்ணு போனா இன்னொண்ணுக்கு மாத்தத் தெரியலை. சில நாள் ரெண்டுமே சேர்ந்து போயிடறது. இது என்ன கூத்து?" என்று கேட்டார்.

அவர் கேட்டது இரண்டு கேள்வி. மாற்றுவது எப்படி என்பது ஒன்று. இரண்டும் ஏன் சேர்ந்து போகின்றன என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ரவுட்டருக்குள் பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குத் தெருவில் இறங்கித் தேட வேண்டும். நான் ரயில்வேயில் சிக்னல், டெலிகாம் பிரிவில் வேலை பார்த்தவன். ஒரு வழி போனால் இன்னொரு வழி என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு என்றால் என்ன என்று பார்க்கலாம். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது கல்கத்தாவும் முதல் வரிசையில் இருந்தது. அன்றைக்கு எல்லாம் டெலிபோன் வழிதான். மோடம் ஒரு நம்பரை டயல் செய்யும், 'கீ... கர்ர்' என்று ஊளையிடும்; பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்; சரியாக இருந்தால் உள்ளே விடும். 1998 நவம்பரில் தனியார் கம்பெனிகளுக்கும் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு, மூன்று கணக்கு வைத்திருப்பது சர்வ சாதாரணம். திரையில் இரண்டு படம் இருக்கும். இது கிடைக்காவிட்டால் அதை அமுக்குவோம். டெலிபோன் லைன் ஒன்றேதான். டயல் செய்யும் நம்பர்தான் வேறு. கணக்கு மாற்றுவது அவ்வளவு சுலபமாக இருந்த காலம் அதற்குப் பிறகு வரவில்லை.

ஊளைச் சத்தம் போய்விட்டது. ஆனால் பெயரும் பாஸ்வேர்டும் போகவில்லை. கேபிள்காரர் கனெக்‌ஷன் கொடுக்கும்போது ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறாரே, அது அந்தப் பழைய டயல் காலத்துச் சொத்துதான். டெலிபோன் வழியாக இரண்டு முனைகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு பேசுவதற்கு பி.பி.பி. என்றொரு முறை இருந்தது. அதையே கேபிள் வழி நெட்வொர்க்குக்கும் பொருத்தி 1999 பிப்ரவரியில் பி.பி.பி.ஓ.ஈ. என்று வெளியிட்டார்கள். யார் உள்ளே வந்தார், எத்தனை நேரம் இருந்தார், பணம் கட்டியிருக்கிறாரா என்று பழைய ஏற்பாட்டிலேயே கணக்கு வைத்துக்கொள்ள கம்பெனிகளுக்கு அது வசதியாக இருந்தது. இன்றும் நம் பாராவில் பல கனெக்‌ஷன்கள் இந்த முறையில்தான் ஓடுகின்றன. நாம் டயல் செய்வதில்லை. நமக்குப் பதிலாக ரவுட்டர் டயல் செய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே கனெக்‌ஷன் மாற்றுவது என்றால் இரண்டு காரியம். ரவுட்டரின் பின்னால் மற்றத் துளைகளிலிருந்து தள்ளி, வேறு நிறத்தில் இருக்கும் துளையில் ஒரு கம்பெனியின் கேபிளைப் பிடுங்கி இன்னொன்றின் கேபிளைச் செருகுவது ஒன்று. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து (கம்ப்யூட்டரிலோ போனிலோ 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்தால் வரும், ரவுட்டரின் அடியில் ஒட்டிய லேபிளில் எது என்று அச்சிட்டிருப்பார்கள்) அங்கே இருக்கும் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றுவது மற்றொன்று. வீட்டில் உள்ள போன், டி.வி., மாமியின் டேப்லெட் எல்லாம் பழைய வை-ஃபை பெயரிலேயே இருக்கும். வெளியே வழி மாறியது அவற்றுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு கருவியிலும் போய் மாற்றாமல் ரவுட்டரிலேயே மாற்றுவதன் லாபம் இதுதான்.

சாதாரண ரவுட்டர்களில் ஒரு கணக்கை எழுதி வைக்கத்தான் இடம் உண்டு. ஒவ்வொரு தடவையும் அடிப்பது வயதானவர்களுக்குத் தொல்லை. பாஸ்வேர்டில் ஒரு எழுத்து பிசகினாலும் வராது. இதற்கு ஒரு சின்ன உபாயம் இருக்கிறது. பெரும்பாலான ரவுட்டர்களில் அதன் அமைப்பு முழுவதையும் ஒரு ஃபைலாகக் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்கலாம்; வேண்டும்போது அந்த ஃபைலைத் திருப்பி ஏற்றலாம். முதல் கணக்கு வேலை செய்யும்போது ஒரு ஃபைல், இரண்டாவது வேலை செய்யும்போது ஒரு ஃபைல் என்று எடுத்து வைத்துக்கொண்டால், மாற்ற வேண்டிய நேரத்தில் கேபிளை மாற்றி, மற்ற ஃபைலை ஏற்றிவிட வேண்டியதுதான். ரவுட்டர் ஒரு தடவை அணைந்து எழுந்திருக்கும். இரண்டு மூன்று நிமிஷத்தில் வேலை முடிந்தது. அந்தந்த மாடலுக்கு அந்தந்த ஃபைல்தான். ரவுட்டரை மாற்றினால் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படி மாற்றியும் சில சமயம் வராது. பாஸ்வேர்டு சரி, கேபிள் சரி, ஆனாலும் உள்ளே விடமாட்டேன் என்கிறது. இதற்குக் காரணம் ரயில்வேக்காரனுக்கு உடனே புரியும். ஒற்றைப் பாதையில் வண்டி விடுவதற்கு நீல்ஸ் டோக்கன் கருவி என்று உண்டு. டிரைவர் கையில் ஒரு இரும்புப் பந்தைக் கொடுப்போம். அடுத்த ஸ்டேஷனில் அந்தப் பந்தைக் கருவிக்குள் போட்டால்தான் அந்தப் பாதைக்கு அடுத்த பந்தை எடுக்க முடியும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரண்டாவது பந்து வராது. கம்பெனியின் சர்வரும் அப்படித்தான்: ஒரு கணக்குக்கு ஒரு சமயத்தில் ஒரு ஆள். நாம் ரவுட்டரின் கேபிளைத் திடீரென்று பிடுங்கினால், நாம் வெளியேறிய செய்தி சர்வருக்குப் போவதில்லை. பழைய ஆள் இன்னும் உள்ளேயே இருக்கிறார் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். நாம் சற்று நேரத்தில் அதே கணக்குக்குத் திரும்பி வந்தால், 'நீ ஏற்கெனவே உள்ளே இருக்கிறாயே' என்று தள்ளிவிடும். ஆகவே முடிந்தால் ரவுட்டர் பக்கத்தில் 'டிஸ்கனெக்ட்' பொத்தானை அமுக்கிவிட்டுப் பிறகு கேபிளை எடுக்க வேண்டும். பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. அப்படிச் செய்ய முடியாமல் போனால் சில நிமிஷம் பொறுக்கலாம். சர்வர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் இல்லையென்றால் தானே பழைய பெயரை அடித்துவிடும்.

இன்னொரு தடங்கல் புது ரவுட்டர் வாங்கும்போது வருவது. ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு நம்பர் பதித்து அனுப்புகிறார்கள். அதற்கு மேக் அட்ரஸ் என்று பெயர். சில கம்பெனிகள் முதலில் வந்த ரவுட்டரின் இந்த நம்பரைக் கணக்கோடு சேர்த்துப் பூட்டிவிடுகின்றன. வேறு ரவுட்டரிலிருந்து வந்தால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் கதவு திறக்காது. கேபிள்காரரிடம் சொன்னால் பூட்டை எடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் போன் எடுக்கவில்லையென்றால், பழைய ரவுட்டரின் நம்பரையே புதியதில் எழுதிக்கொள்ளும் வசதியும் பல ரவுட்டர்களில் இருக்கிறது.

சில வலைத்தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நின்றுவிடுகின்றன என்றால், எம்.டி.யு. என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு பொட்டலத்தில் 1500 பைட் வரை போகலாம், பி.பி.பி.ஓ.ஈ. தன் முகவரிச் சீட்டுக்காக அதில் 8 எடுத்துக்கொள்கிறது. அங்கே 1492 என்று இருக்க வேண்டும்.

இதெல்லாம் கையால் மாற்றும் முறை. தானாக மாற வேண்டுமென்றால் வெளி கேபிளுக்கு இரண்டு துளை உள்ள ரவுட்டர் கடையில் கிடைக்கிறது. இரண்டு கணக்கையும் எழுதி வைத்துவிடலாம். முதலாவது போனால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும், திரும்பி வந்தால் பழையபடி மாறும். வாங்குகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, முதலாவது போய்விட்டது என்று அது எப்படித் தெரிந்துகொள்கிறது? மலிவான சில ரவுட்டர்கள் கேபிளில் உயிர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். கேபிளின் மறுமுனை நம் மாடிப்படி அடியில் இருக்கும் பெட்டிதான். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் இருக்கும்வரை பச்சை விளக்கு எரியும். தெருமுனையில் ஃபைபர் அறுந்து கிடப்பது அந்த விளக்குக்குத் தெரியாது. வெளியே தூரத்தில் இருக்கும் ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வருகிறதா என்று சோதிக்கும் ரவுட்டராகப் பார்த்து வாங்க வேண்டும். (ரயில்வே சிக்னலில் விளக்குக்குக் கரண்ட் அனுப்பினால் மட்டும் போதாது, விளக்கு எரிகிறதா என்று ஒரு ரிலே தனியே பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது விதி.)

மற்றொன்று, இரண்டு கனெக்‌ஷனையும் ஒரே சமயத்தில் பங்கு போட்டு ஓட்டும் வசதியும் இந்த ரவுட்டர்களில் உண்டு. வேகம் கூடும் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். பேங்க் வேலை செய்கிறவர்கள் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒரு நிமிஷம் ஒரு கம்பெனியின் முகவரியிலிருந்தும் அடுத்த நிமிஷம் இன்னொன்றின் முகவரியிலிருந்தும் நீங்கள் பேசினால், பேங்க் உங்களைச் சந்தேகப்பட்டு வெளியே அனுப்பிவிடக்கூடும். ஒன்று ஓடட்டும், மற்றது காத்திருக்கட்டும். மாறும் கணத்தில் வீடியோ பேச்சு சில விநாடிகள் அறுந்துதான் ஒட்டும். முகவரியே மாறுவதால் அது தவிர்க்க முடியாதது.

இனி மாமியின் இரண்டாவது கேள்வி. இரண்டும் ஏன் சேர்ந்து போகின்றன?

சிக்னலுக்கு மின்சாரம் கொடுக்கும் ஏற்பாட்டை இங்கே சொல்ல வேண்டும். நம் லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன் வழியாகப் பஜ் பஜ் போகும் பாதையைப் போல மின்மயமான இரட்டைப் பாதைகளில், தலைக்கு மேலே போகும் 25,000 வோல்ட் கம்பியிலிருந்தே சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சிக்னலுக்கு மின்சாரம் இறக்குவது வழக்கம். அப் லைன் கம்பியிலிருந்து ஒன்று, டவுன் லைன் கம்பியிலிருந்து ஒன்று. ஒன்று போனால் மற்றதற்குத் தானாக மாற்றிவிடும் பேனலும் உண்டு. பார்ப்பதற்கு இரண்டு வழி. ஆனால் அப் கம்பிக்கும் டவுன் கம்பிக்கும் ஊட்டுவது பெரும்பாலும் ஒரே சப்-ஸ்டேஷன். அது விழுந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் விழும். அதனால்தான் ஊர் மின்சாரத்திலிருந்து மூன்றாவதாக ஒன்று, பல இடங்களில் டீசல் ஜெனரேட்டர் என்று நாலாவதாக ஒன்று. எத்தனை கம்பி இருக்கிறது என்று எண்ணுவதைவிட, எத்தனை வேர் இருக்கிறது என்று எண்ணுவதுதான் எங்கள் பாடம்.

மாமியின் கேபிள் இரண்டையும் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே இரண்டும் ஒன்றாகவே இறங்கி, வாசலில் இருக்கும் கிருஷ்ணசூடா மரத்துக் கிளையைத் தாண்டி, எதிர்க் கம்பத்தில் ஒரே பெட்டிக்குள் நுழைந்தன. இரண்டு கம்பெனிக்கும் பாராவில் ஆள் ஒருவர்தான். கேட்டதற்கு அவருடைய பையன் சிரித்துக்கொண்டே, "ஏகி போஸ்ட், மாஷிமா" என்றான். ஒரே கம்பம்தான் என்று அர்த்தம். சித்திரையில் கால்பைசாகிக் காற்று அடித்து அந்தக் கிளை ஒடிந்தால் ஹூஸ்டன் வகுப்பும் சிங்கப்பூர் வகுப்பும் சேர்ந்தே நிற்கும். பில் இரண்டு, பாஸ்வேர்டு இரண்டு, வழி ஒன்று.

இது ஏதோ நம் பாராவின் கோளாறு என்று எண்ண வேண்டாம். 2008 ஜனவரி 30-ஆம் தேதி எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே கடலுக்கு அடியில் போகும் இரண்டு கேபிள்கள் ஒரே நாளில் அறுந்தன. கேபிள் வேறு, சொந்தக்காரர்கள் வேறு. ஆனால் இரண்டும் ஐரோப்பாவிலிருந்து சூயஸ் வழியாக இந்தப் பக்கம் வருபவை. ஒரே கடற்கரையை ஒட்டிப் போனவை. இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இன்டர்நெட் பல நாட்கள் தள்ளாடியது. கிழக்கே சிங்கப்பூர் பக்கம் போகும் கேபிள்கள் இருந்ததால்தான் பாதி பாரத்தையாவது அந்த வழியில் திருப்ப முடிந்தது. கடலுக்கு அடியில் நடந்ததுதான் கிருஷ்ணசூடா மரத்தடியிலும் நடக்கிறது.

ஆகவே இரண்டாவது கனெக்‌ஷன் வாங்குமுன் வேகம் எத்தனை, விலை எத்தனை என்று கேட்பதோடு, கேபிள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்தக் கம்பம், பாராவில் யார் பொறுப்பு என்று மூன்று கேள்வி கேளுங்கள். மாமிக்கு இப்போது இரண்டாவது கேபிள் பின்பக்கச் சந்து வழியாக, வேறு ஆளிடமிருந்து வருகிறது. சின்னக் கம்பெனிகள் பெரிய கம்பெனிகளிடமிருந்து மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பதும் உண்டு. அதனால் தெருவில் பிரிந்த இரண்டும் மேலே எங்காவது போய்ச் சேர்ந்துகொள்ளலாம். அதைக் கம்ப்யூட்டரில் ட்ரேஸ்ரூட் என்ற கட்டளை கொடுத்து ஓரளவு பார்த்துக்கொள்ளலாம்: போகும் வழியில் உள்ள ஸ்டேஷன்களின் பெயரை டைம்டேபிள் மாதிரி வரிசையாகக் காட்டும். இரண்டு கனெக்‌ஷனிலும் தனித்தனியே ஓட்டி, பட்டியல்களை ஒப்பிட வேண்டும்.

கேபிளே இல்லாத வழியும் வைத்துக்கொள்ளலாம். செல்போனின் ஹாட்ஸ்பாட் நம் தெருக் கம்பத்தை நம்பியிருப்பதில்லை. 2023 முதல் 5ஜி ரேடியோ வழியாக வீட்டுக்குக் கொடுக்கும் கனெக்‌ஷனும் வந்திருக்கிறது. இதிலும் ஒரு எல்லை உண்டு: டவருக்கும் மின்சாரம் வேண்டும், அதன் பாட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அம்ஃபானின்போது டவர்களும் படுத்துக்கொண்டன.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. பழைய கறுப்பு டெலிபோனுக்கு 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக வரும். வீட்டில் விளக்கு போனாலும் போன் பேசும். ஃபைபர் வெறும் கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் வரும், கரண்ட் வராது. நம் வீட்டில் மின்சாரம் போனால் இரண்டு கனெக்‌ஷனும் அந்த நிமிஷமே செத்துவிடும். ரவுட்டருக்கென்று சின்ன பாட்டரிப் பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன. பல ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை, ஆனால் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். ரவுட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு ஃபைபர் வந்து நுழையும் பெட்டியை விட்டுவிடுகிறார்கள் பலர். இரண்டுக்கும் வேண்டும். மாடிப்படி அடியில் கட்டடத்துக்குப் பொதுவாகப் பெட்டி இருந்தால், அதற்கு எங்கிருந்து மின்சாரம் வருகிறது என்று கேர்டேக்கரிடம் விசாரியுங்கள்.

மாற்றிப் பார்ப்பதை எல்லாம் நன்றாக இருக்கும் நாளிலேயே செய்ய வேண்டும். ஸ்டேஷனில் ஜெனரேட்டரை வாரா வாரம் ஓட்டிப் பார்ப்பது போல, மாதம் ஒரு தடவை வேண்டுமென்றே இரண்டாவதற்கு மாற்றி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கணக்கின் பெயர், பாஸ்வேர்டு, கேபிள்காரர் நம்பர், எந்த கேபிள் எந்தக் கம்பெனி என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ரவுட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். கேபிளின் தலையிலும் கலர் டேப் சுற்றி வையுங்கள். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. கண்ணாடி போடாமலே தெரிய வேண்டும். இரண்டு கணக்கையும் ஒரே தேதியில் ரீசார்ஜ் செய்ய வேண்டாம். ஒரே நாளில் கட்டினால் ஒரே நாளில் முடியும். முடிந்த அன்று பணம் கட்டவும் இன்டர்நெட்தான் வேண்டும். ஒன்றை மாதத்தின் முதல் வாரத்திலும் மற்றதை மூன்றாவது வாரத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.